பத்து லட்சத்தில் பத்து பைசா

போன மாதம் அம்மாவுக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தோம். தெருமுனை லேபில் 112 என்று வந்தது. அப்பாவுக்கு அந்த லேப் மேல் எப்போதுமே நம்பிக்கை கிடையாது. "அந்தப் பையன் போன்ல பேசிக்கிட்டே ரத்தம் எடுக்கிறான்" என்பது அவருடைய தீராத புகார். அதனால் மூன்று நாள் கழித்து பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருக்கும் பெரிய லேபுக்கு அழைத்துப் போனார். அங்கே 129.

இதில் என்ன சிக்கல் என்றால், நடுவில் 126 என்று ஒரு கோடு இருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் என்றால் "நடங்கம்மா, இனிப்பைக் குறைங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் என்றால் மாத்திரைப் பேச்சு வந்துவிடும். ஒரு வாரம் வீட்டில் பட்டிமன்றம்தான். சித்தப்பா போனில் வந்து "ரெண்டு லேபும் டுபாக்கூர், காசு பிடுங்கத்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

அதே வாரம் கேன்டீனில் இன்னொரு பஞ்சாயத்து. என் நண்பன் ஒருவன் (பெயர் வேண்டாம், படிக்கும்போது அவனுக்கே தெரியும்) போனை நீட்டினான். "2023ல காத்துல கார்பன் டை ஆக்சைடு எவ்வளவுன்னு தேடினேன். உலக வானிலை அமைப்பு 420.0ங்கிறான். அமெரிக்காவோட நோவா உலக சராசரி 419.3ங்கிறான். அதே நோவா ஹவாய்ல 421.08ங்கிறான். ஒரே வருஷம், ஒரே பூமி, மூணு நம்பர். எல்லாம் கப்சா மச்சி." சித்தப்பா தீர்ப்பு மாதிரியே இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான் பி.காம். மூன்றாம் வருஷம். வேதியியலுக்குப் பத்தாம் வகுப்போடு ஒரு பெரிய கும்பிடு போட்டாச்சு. ஆனால் "ரெண்டு புத்தகத்தில் ரெண்டு தொகை" என்பது எங்கள் ஏரியா. அதற்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

முதலில் நண்பனின் மூன்று நம்பர். அவை மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஹவாய் என்பது மௌனா லோவா எரிமலைச் சரிவில் இருக்கும் ஒரே ஒரு நிலையம். அது வட அரைக்கோளம். புகை விடும் நாடுகள் பெரும்பாலும் இந்தப் பாதியில்தான் இருக்கின்றன, அதனால் அங்கே உலக சராசரியை விடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். நோவாவின் உலக சராசரி கடலோர, கடல்நடு நிலையங்களை மட்டும் வைத்துப் போடுவது. உலக வானிலை அமைப்பு பல நாடுகளின் நிலையங்களைச் சேர்த்துப் போடுகிறது, நிலப்பகுதியில் இருப்பவையும் அதில் உண்டு. கோயம்பேட்டில் தக்காளி விலையும் உழவர் சந்தையில் தக்காளி விலையும் வேறாக இருந்தால் தராசு பொய் என்று யாரும் சொல்வதில்லை.

அம்மா விஷயத்திலும் இதே குழப்பம்தான். நாங்கள் ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுக்கவில்லை. மூன்று நாள் இடைவெளி விட்டு இரண்டு ரத்தம் கொடுத்தோம். நடுவில் ஒரு கல்யாண வீடு வேறு. 17 புள்ளி வித்தியாசத்தில் லேபின் பங்கு எவ்வளவு, பாயசத்தின் பங்கு எவ்வளவு? யாருக்குத் தெரியும்!

ஆக, உண்மையான கேள்வி இதுதான். *ஒரே* காற்றை இரண்டு ஆய்வகங்களிடம் கொடுத்தால் ஒரே நம்பர் சொல்வார்களா?

இதைத்தான் விஞ்ஞானிகள் பல வருஷங்களாக மண்டையை உடைத்துக்கொண்டு செய்துவருகிறார்கள். 1975இலிருந்து இதற்கென்றே கார்பன் டை ஆக்சைடு அளவீட்டு நிபுணர்கள் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். வட அரைக்கோளத்தில் ஆய்வகங்களுக்கு இடையே இருக்கலாம் என்று அவர்கள் வைத்திருக்கும் வித்தியாசம் 0.1 பி.பி.எம். தென் அரைக்கோளத்தில் அதிலும் பாதி, 0.05. ஒரு பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. அதாவது பத்து லட்சம் ரூபாய் கணக்கில் பத்து பைசா இடித்தால் தப்பு! எங்கள் ஊரில் எந்த ஆடிட்டரும் பத்து பைசாவுக்குப் பேனாவைத் திறக்க மாட்டார்.

ஏன் இந்தக் கஞ்சத்தனம்? மொத்தக் காற்றையும் எடுத்துக்கொண்டால் ஒரு பி.பி.எம். என்பது ஏறக்குறைய 780 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு. அப்போது அந்தப் பத்து பைசா 78 கோடி டன். எந்தக் காடு எவ்வளவு உறிஞ்சுகிறது, எந்தக் கண்டம் எவ்வளவு விடுகிறது என்பதையெல்லாம் நிலையத்துக்கு நிலையம் இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரு ஆய்வகத்தின் அளவுகோல் அரை பி.பி.எம். ஏறிப்போயிருந்தால் அந்தப் பக்கம் இல்லாத தொழிற்சாலை ஒன்று கணக்கில் முளைத்துவிடும். இறங்கிப்போயிருந்தால் இல்லாத காடு முளைக்கும். இரண்டுக்கும் பின்னாலும் இன்றைக்குப் பணம் இருக்கிறது.

இந்த ஒத்துப்பார்க்கும் வேலை இல்லாத காலமும் இருந்தது. 1950களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் பல நிலையங்கள் வைத்துக் காற்றைப் பிடித்து ரசாயன முறையில் அளந்தார்கள். முடிவுகள் கன்னாபின்னாவென்று சிதறின. இன்று ஒன்று, நாளை ஒன்று, பக்கத்து ஊரில் வேறொன்று. காற்றே அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது போல என்று நினைத்தவர்கள் உண்டு. சார்லஸ் டேவிட் கீலிங் என்ற இளைஞர் அமெரிக்காவில் அதே சமயத்தில் தன் கையாலேயே ஒரு அழுத்தமானி செய்து அளந்தபோது, சுத்தமான காற்று எங்கே எடுத்தாலும் 310ஐ ஒட்டியே வந்தது. சிதறலில் பெரும்பகுதி காற்றில் இல்லை, அளவீட்டில் இருந்தது.

1958 மார்ச்சில் அவர் மௌனா லோவாவில் தொடங்கினார். எல்லோரும் அவர் வரைந்த கோட்டை (கீலிங் வளைவு) மட்டும் பேசுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது கோடு இல்லை, சிலிண்டர். ஹவாயிலும் தென் துருவத்திலும் இருந்த கருவிகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வாயுவைத் தன் ஒரே ஆய்வகத்தில் தயாரித்து, தன் அழுத்தமானியில் அளந்து, சிலிண்டரில் அடைத்து அனுப்பினார். உலகத்தின் எந்த மூலையில் அளந்தாலும் ஒரே படிக்கல். நம் ஊர்க் கடைத் தராசுக் கல்லில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை குத்துவார்களே, அதேதான்.

முத்திரை குத்தாத கல்லை வைத்துக்கொண்டு என்ன நடக்கும் என்பதற்கு ஒரு உதாரணம். 2007இல் ஜெர்மனிப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய ரசாயன அளவீடுகள் சுமார் 90,000ஐத் தொகுத்து, 1940களின் தொடக்கத்திலேயே 400ஐத் தாண்டிவிட்டது, பிறகு தானாக இறங்கிவிட்டது என்று ஒரு கட்டுரை போட்டார். இன்றைக்கும் இணையத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். 90,000 என்றதும் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தொண்ணூறாயிரமும் ஆளுக்கொரு கல் வைத்து நிறுத்தவை; பல நகரத்துக்குள் எடுத்தவை. அவற்றில் ஒரு ஆய்வகம் இன்னொரு ஆய்வகத்தோடு ஒத்துப்பார்க்கவே இல்லை. சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஏறக்குறைய 100 பி.பி.எம். இறங்க வேண்டுமானால் 78,000 கோடி டன் எங்கேயாவது போய் ஒளிந்திருக்க வேண்டும். இன்றைய உலகம் நிலக்கரி, பெட்ரோல் எல்லாம் எரித்து இருபது வருஷம் விடும் அளவு அது. எந்தப் பேரேட்டிலும் எதிர்ப்பதிவு இல்லாத வரவு. எங்கள் முதலாம் ஆண்டுப் பிள்ளைகள்கூட "மிஸ், இருப்பாய்வு டேலி ஆகலை" என்று எழுந்து நிற்பார்கள்.

இப்போது எப்படி ஒத்துப்பார்க்கிறார்கள்? இரண்டு வழி.

முதல் வழி, சிலிண்டரைச் சுற்றுக்கு விடுவது. அமெரிக்காவில் போல்டர் நகரத்து நோவா ஆய்வகம்தான் 1995இலிருந்து இதற்குத் தலைமை. அதற்கு முன் கீலிங் இருந்த ஸ்கிரிப்ஸ். அங்கே ஒரு டஜனுக்கு மேல் தாய்ச் சிலிண்டர்கள். அவற்றை அழுத்தமானியில் அவ்வப்போது அளப்பார்கள். அவற்றிலிருந்து பிள்ளை, பேரப்பிள்ளைச் சிலிண்டர்கள். உலகம் முழுக்க ஆய்வகங்கள் இந்தப் பேரப்பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொண்டுதான் தங்கள் கருவியைத் திருத்துகின்றன. கொலராடோவில் சுமார் 3000 மீட்டர் உயரத்தில் ஒரு மலையில் போய்க் காற்றைப் பிடித்து அடைக்கிறார்கள். (காற்றைப் பிடித்து விற்கிறார்கள் என்று சிரிக்காதீர்கள். தண்ணீரை விற்கும் காலத்தில் பிறந்தவர்கள் நாம்.) சில வருஷத்துக்கு ஒருமுறை சில சிலிண்டர்களை ஆய்வகம் ஆய்வகமாக அனுப்புவார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவரும் அளந்து நடுவருக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் யார் எவ்வளவு இடித்தார்கள் என்பது எல்லோர் பெயரோடும் வெளியாகும். ரிசல்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது மாதிரி.

சொல்ல எளிது. அழுத்தி அடைத்த காற்று விமானச் சரக்கில் 'அபாயகரமான பொருள்' பட்டியலில் வரும். அதற்குத் தனிப் பத்திரம், தனி லேபிள், ஒவ்வொரு நாட்டுச் சுங்கத்திலும் தனி விளக்கம். ஏற்றுமதி நடைமுறை பேப்பர் எழுதியவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை! போதாததற்குச் சிலிண்டரும் சும்மா இருக்காது. கார்பன் டை ஆக்சைடு உள்சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். காற்று செலவாகி அழுத்தம் குறையக் குறைய அது சுவரை விட்டு வெளியே வந்து மிச்சக் காற்றில் அளவை ஏற்றிவிடும். அதனால் சிலிண்டரை ஒட்டக் காலி செய்ய மாட்டார்கள். கல்லுக்கே எடை மாறினால் என்ன செய்வது? ஆகவே கல்லையும் திருப்பித் திருப்பி நிறுக்கிறார்கள்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்தது. சிலிண்டர் காற்று உலர்ந்த, சுத்தமான, சமர்த்துக் காற்று. கேள்வி முன்கூட்டியே தெரிந்த பரீட்சை மாதிரி. நிஜக் காற்றில் ஈரம் உண்டு. அதை இழுத்து வரும் குழாயில் கசிவு இருக்கலாம். பிடித்த கண்ணாடிக் குப்பி வாரக்கணக்கில் கப்பலில் கிடந்திருக்கலாம். சிலிண்டர் பரீட்சையில் பாஸ் ஆகிற ஆய்வகம் இதில் கோட்டை விடலாம். அதனால் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே காற்றைப் பலர் பிடித்து, அவரவர் ஊருக்கு எடுத்துப் போய் அளந்து ஒப்பிடுகிறார்கள். மௌனா லோவாவில் ஸ்கிரிப்ஸும் நோவாவும் 1974இலிருந்து பக்கத்துப் பக்கத்தில் தனித்தனியாக அளக்கின்றன. கனடாவின் வடகோடியில், வட துருவத்துக்கு 800 கிலோமீட்டர் சுமாரில், அலெர்ட் என்று ஒரு இடம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராத ஊர். அங்கே 1999இலிருந்து கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி, பிரான்ஸ் ஆய்வகங்களின் குப்பிகள் எல்லாம் ஒரே காற்றில் நிரப்பப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு குப்பியாகப் பார்த்தால் அந்தப் பத்து பைசாவைப் பலமுறை தாண்டியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் அச்சில் போட்டிருக்கிறார்கள்.

இங்கேதான் என் நண்பன் கட்சிக்காரர்களோடு எனக்குச் சண்டை. "பார்த்தியா, அவங்களே ஒத்துக்கிறாங்க, தப்புன்னு." ஆமாம், ஒத்துக்கொள்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த தப்புகளில் மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று. கீலிங்கின் ஒப்பீட்டு வாயு ஆரம்பத்தில் நைட்ரஜனில் கலந்த கார்பன் டை ஆக்சைடு. ஆனால் அளக்கப்படும் காற்றில் ஆக்சிஜனும் இருக்கிறது. அகச்சிவப்புக் கருவி அந்த இரண்டையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை என்பது 1970களின் நடுவில்தான் தெளிவானது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உட்படச் சிலர் அதை எடுத்துக் காட்டினார்கள். வித்தியாசம் பைசாவில் இல்லை, சில பி.பி.எம். வரை. கருவிக்குக் கருவி மாறவும் செய்தது. பழைய எண்களை உட்கார்ந்து திருத்தினார்கள். ஒப்பீட்டு வாயுவும் நைட்ரஜனிலிருந்து காற்றுக்கு மாறியது.

இரண்டு. மீத்தேன். நோவாவின் பழைய மீத்தேன் அளவுகோல் குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்து புதிய அளவுகோல் கொண்டுவந்தார்கள். 2005இல் கட்டுரையாக வந்தது. பழைய எண்ணை 1.0124ஆல் பெருக்க வேண்டும். ஒன்றேகால் சதவீதம்தானே என்கிறீர்களா? மீத்தேன் அப்போது நூறு கோடியில் 1700க்குக் கொஞ்சம் மேல். அதில் ஒன்றேகால் சதவீதம் சுமார் 21. அந்த வருஷங்களில் மீத்தேன் ஏறாமல் கிட்டத்தட்ட அசையாமல் நின்றிருந்தது. ஒரு ஆய்வகத்தின் பழைய எண்ணையும் இன்னொன்றின் புதிய எண்ணையும் தெரியாமல் ஒரே வரைபடத்தில் ஒட்டியிருந்தால், ஒரு மாடுகூடக் கூடுதலாக ஏப்பம் விடாமல், மீத்தேன் ஒரே ராத்திரியில் குதித்திருக்கும்.

மூன்று. இது என் செல்லம். கார்பன் டை ஆக்சைடுக்கான தாய்ச் சிலிண்டர்களை அளக்கும் அந்த அழுத்தமானியில் ஒரு ரப்பர் வளையம். நம் பிரஷர் குக்கர் கேஸ்கெட்டுக்குத் தம்பி. அளக்கிற நேரத்துக்குள் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை அது உறிஞ்சிக்கொள்கிறது! அதையும், சூத்திரத்தில் இருந்த ஒரு சின்னக் குறையையும் சேர்த்துச் சரி செய்ததும், 400 என்ற இடத்தில் 0.18 ஏறியது. எக்ஸ்2007 என்ற அளவுகோல் போய் எக்ஸ்2019 வந்தது. 2021இல் நோவா மௌனா லோவாவின் தன் பழைய எண்களை எல்லாம் புது அளவுகோலுக்கு மாற்றி வெளியிட்டது. பத்து லட்சம் ரூபாயில் பதினெட்டு பைசா. அதைத் தேடிப் போய், குற்றவாளி ரப்பர்தான் என்று பிடித்து, பழைய புத்தகம் முழுக்கத் திருத்தி, "இதோ பழசு, இதோ புதுசு" என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

போன வருஷக் கணக்கில் தப்பு என்று தெரிந்ததும் திருத்தி, குறிப்பில் காரணம் எழுதி வெளியிடும் கம்பெனியை நீங்கள் நம்புவீர்களா, இருபது வருஷமாக ஒரு தப்புமே இல்லை என்று சாதிக்கும் கம்பெனியை நம்புவீர்களா? நம் நாட்டில் பெரிய பெரிய கம்பெனிகள் கவிழ்ந்த கதையெல்லாம் ஆடிட்டிங் வகுப்பில் படித்தோமே. கவிழ்வதற்கு முந்தைய வருஷம்வரை புத்தகம் பளிங்கு மாதிரிதான் இருந்தது.

சரி, ஒத்துப்பார்ப்பதால் விஞ்ஞானிகளைத் தாண்டி யாருக்கு என்ன லாபம்? ஒரு நிஜத் திருட்டுக் கதை சொல்கிறேன்.

சி.எஃப்.சி-11 என்று ஒரு வாயு. நுரைப் பஞ்சு செய்யப் பயன்பட்டது, ஓசோனை அரிக்கும். மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2010இலிருந்து உலகம் முழுக்க உற்பத்தி நிறுத்தம். எல்லா நாடும் "எங்களிடம் பூஜ்யம்" என்று கணக்குக் கொடுத்தாச்சு. 2018 மே மாதம் நோவா ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: 2012க்குப் பிறகு அந்த வாயு குறையும் வேகம் மந்தமாகிவிட்டது, யாரோ எங்கோ வருஷத்துக்குச் சுமார் 13,000 டன் கூடுதலாக விடுகிறார்கள், கிழக்கு ஆசியப் பக்கம் போலத் தெரிகிறது. நாடுகளைக் குற்றம் சாட்டும் விஷயம். "உன் கருவி சரியில்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ள முடியாததற்குக் காரணம், அகேஜ் என்ற இன்னொரு வலையமைப்பு. வேறு நிலையங்கள், தனக்கென்று *தனி* அளவுகோல். அதன் எண்களும் அதையே சொல்லின. 2019இல் தென் கொரியாவின் ஜெஜு தீவிலும் ஜப்பானின் ஹதெருமா தீவிலும் எடுத்த அளவீடுகளை வைத்துக் கூடுதலில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவின் ஷான்டோங், ஹெபெய் மாகாணங்களைச் சுற்றி என்று காட்டினார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் வந்த ஆய்வுகள் அந்தக் கூடுதல் மளமளவென்று இறங்கிவிட்டதைச் சொல்லின.

வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நினைவிருக்கிறதா? பதினொன்றாம் வகுப்பில் எல்லோரையும் அழவைத்த பாடம். ரொக்க ஏடு நாம் எழுதுவது. வங்கி அறிக்கை வங்கி எழுதுவது. நாம் எழுதியதில் ஆசைக்கு எழுதியதும் இருக்கலாம். நாடுகள் "இவ்வளவு நிலக்கரி எரித்தோம், ஆகவே இவ்வளவு புகை" என்று கொடுக்கும் பட்டியல் ரொக்க ஏடு. காற்று, வங்கி அறிக்கை. 2008இல் எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பயன்படும் நைட்ரஜன் டிரைஃபுளூரைடை முதல்முறையாகக் காற்றில் சரியாக அளந்து பார்த்தபோது, 2006இல் 1,200 டன்னுக்குக் குறைவு என்று மதிப்பிட்டிருந்த இடத்தில் 4,200 டன் இருந்தது. மூன்றரை மடங்கு! ரொக்க ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்றைக்கும் தெரிந்திருக்காது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒரு குறையும் சொல்ல வேண்டும். எல்லோரும் போல்டரில் முத்திரை குத்திய கல்லையே வைத்திருந்தால், எல்லோரும் ஒத்துப்போவது எல்லோரும் சரி என்பதற்கு ஆதாரம் ஆகாது. 'இருப்பாய்வு வெளிக்காட்டாத பிழைகள்' என்று ஐந்து மார்க் கேள்வி வருமே, அதே கதை. ரப்பர் வளையம் உறிஞ்சியபோது உலகமே சேர்ந்து 0.18 குறைத்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தது, ரொம்ப ஒற்றுமையாக. அகேஜ் மாதிரி, ஸ்கிரிப்ஸ் மாதிரி, தனிக் கல் வைத்திருக்கும் ஓரிருவர் எப்போதும் இருக்க வேண்டும். செலவு இரட்டிப்புத்தான். இருக்கட்டும். ஒரே வேலையை இரண்டு பேர் செய்வது வீண் என்று சொல்கிறவர்கள், கேஷியரையும் ஆடிட்டரையும் ஒரே ஆளாக்கிவிட்டால் சம்பளம் மிச்சம் என்று சொல்கிறவர்கள்.

இது வெறும் தியரிக் கவலை இல்லை. அமெரிக்க அரசு 2025இல் வைத்த 2026ஆம் நிதியாண்டு பட்ஜெட் முன்மொழிவில் நோவாவின் காலநிலை ஆய்வகங்களுக்கான பணத்தை அடியோடு நிறுத்தும் திட்டம் இருந்தது; மௌனா லோவாவும் போல்டர் ஆய்வகமும் அதற்குள் வரும். 1964இலேயே பணம் வெட்டப்பட்டுக் கீலிங்கின் வரைபடத்தில் சில மாதம் ஓட்டை விழுந்தது, இன்றைக்கும் அந்த ஓட்டை இருக்கிறது. ஒரு நிலையம் நின்றால் ஒரு கோட்டில் ஓட்டை. கல்லுக்கு முத்திரை குத்துகிற இடம் நின்றால், எல்லாக் கோடுகளும் இருக்கும், எந்தக் கோட்டை எதோடு ஒப்பிடுவது என்றுதான் தெரியாது. மறுபடி 1950களின் ஸ்காண்டிநேவியா.

நாம் எங்கே இருக்கிறோம்? 1993இல் கோவாவின் கேப் ராமா கடற்கரையில் பிடித்த காற்றுக் குப்பிகள் அளக்கப்பட்டது ஆஸ்திரேலியாவில். லடாக்கின் ஹான்லே, அந்தமானின் போர்ட் பிளேர், நம் பக்கத்துப் புதுச்சேரி என்று மூன்று இடங்களில் பிடித்த குப்பிகள் பிரான்சுக்குப் போயின. 2007 முதல் 2011 வரையான முடிவுகள் 2015இல் வெளிவந்தன. புதுச்சேரிக் காற்று பாரிஸ் பக்கம் போய் நம்பராகத் திரும்பி வந்தது. (பழைய உறவு விடாது போலிருக்கிறது.) இதில் எனக்கு மானப் பிரச்சினை எதுவும் இல்லை. சரியான கல் இருந்த இடத்துக்குத்தான் அனுப்பினார்கள், அந்தக் கூட்டு வேலையில்தான் இந்தியக் காற்றுக்கு உலகத்தோடு ஒப்பிடக்கூடிய எண்ணே கிடைத்தது. புனேயில் வெப்பமண்டல வானிலை நிறுவனத்தார் 2009இலிருந்து சிங்ககட் மலையில் காற்று பிடித்து இங்கேயே அளக்கவும் செய்தார்கள்.

என் கோரிக்கை சின்னது. புதுச்சேரியில் ஒரு குப்பி பிடிக்கும்போது பக்கத்திலேயே இன்னொன்று. ஒன்று வெளிநாட்டுக்கு, ஒன்று இந்திய ஆய்வகத்துக்கு. இரண்டு எண்ணும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும், யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியே. வித்தியாசம் அரை பி.பி.எம். வந்தால் வரட்டும், போடுங்கள். "இந்திய ஆய்வகம் தப்பு" என்று தலைப்புச் செய்தி வருமே என்று பயந்து பெட்டியில் வைத்துப் பூட்டாதீர்கள். 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்துக்கு மத்திய அரசு அறிவிக்கை வந்தாயிற்று. நம் செட்டிலேயே நாலைந்து பேர் அந்தச் சந்தையில் வேலைக்குப் போகப் போகிறோம். ஆலையின் எரிபொருள் பில்லைப் பார்த்து, பெருக்கி, கூட்டி, கையெழுத்துப் போடப் போகிறோம். அன்றைக்கு எவனாவது வெளிநாட்டுக்காரன் "உங்கள் ஊர்க் காற்று வேறு மாதிரி சொல்கிறதே" என்று கேட்டால், நம் கையில் சொந்தமாக ஒரு வங்கி அறிக்கை வேண்டாமா?

நண்பனிடம் இவ்வளவையும் கேன்டீனில் சொன்னேன். முழு டீயும் ஆறிப்போனது. கடைசியில் "சரி, 0.1க்குள்ள ரெண்டு பேர் சொன்னா நம்புறேன்" என்றான். "டிக்கெட் யார் வாங்குவது, அலெர்ட்டுக்கு?" என்றும் கேட்டான்.

அம்மா கதையைச் சொல்லாமல் விட்டேனே. போன சனிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு அம்மாவை வண்டியில் உட்கார வைத்து முதலில் தெருமுனை லேப், இருபது நிமிஷத்தில் பஸ் ஸ்டாண்ட் லேப். முன்னாள் ராத்திரி சாப்பாட்டுக்கு நானே காவல். 118, 121. அப்பா இரண்டையும் சமையலறை காலண்டரில் எழுதி, கண்ணாடியைக் கழற்றாமல் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்ப அந்த போன் பேசற பையன் ஒழுங்காத்தான் பாக்கிறானா?" என்றார். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.